கவசத்தின் வழியே வந்த வெளிச்சம்

மண்ணுக்கடியில் புதைக்கும் ஆர்மர் கேபிளின் கறுப்புத் தோலை உரிக்கும்போது கருணாகரன் யாருடனும் பேசமாட்டார். பக்கத்தில் நிற்பவர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் அசைப்பார். கத்தி தவறி ஆழமாக இறங்கிவிடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. அது நெடுநாள் பழகிய கை. தோல் விலகியதும் உள்ளிருந்து வெளிப்படும் இரும்புக் கம்பிகளின் வரிசைதான் அவரை அப்படி வாயடைத்துப்போகச் செய்யும். துத்தநாகம் பூசிய கம்பிகள், விளக்குமாற்றுக் குச்சிகளை முறுக்கிக் கட்டினாற்போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, சாய்வாகச் சுற்றிச் சுற்றிக் கேபிளின் மறுமுனைவரை போகும். முதன்முதலில் அதைப் பார்த்த நாளில் அவருக்கு உண்டான மலைப்பு பிறகு ஒருபோதும் முழுதாக வடியவில்லை.

மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நெய்வேலிச் சுரங்கத்துக்கு கான்ட்ராக்ட் கூலியாகக் கேபிள் இழுக்க வந்தார். தொடைப் பருமனுள்ள கேபிளை வரிசையாக நின்று தோளில் சுமந்து, தலைவன் குரல் கொடுக்கும்போதெல்லாம் ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். தோளில் கிடப்பது என்னவென்று சுமந்தவர்கள் யாருக்கும் தெரியாது. கனம் மட்டும்தான் தெரியும். ஒருநாள் வெட்டிப்போட்ட துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இரும்பு எதுக்குங்க?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டார்.

"மண்ணு தோண்டறவன் கடப்பாறை பட்டாலும் உள்ள இருக்கறது அறுபடாம இருக்க. தூக்குடா."

நல்ல பதில்தான். ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியைப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த கேபிள் கம்பெனி விளக்கப் புத்தகம் ஒன்றில் அவர் கண்டுபிடித்தார். ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தோண்டியெடுத்த வரி அது. உள்ளே போகும் மின்சாரத்தைக் காக்க வெளியே சுற்றியிருக்கும் இந்தக் கவசத்தையே எர்த் கம்பியாகவும் பயன்படுத்தலாம். இரும்பு, செம்பைப் போல மின்சாரத்தை எளிதில் விடாது. ஆனால் இங்கே ஒற்றைக் கம்பி இல்லை, சுற்றிலும் ஒரு கூட்டமே நிற்கிறது. ஏதோ ஒரு மோட்டாருக்குள் காப்புத் தேய்ந்து, அதன் உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால், அந்தக் கூட்டம் அதை அள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடும். அந்த ஓட்டத்தின் வேகத்தில் ஃபியூஸ் எரிந்து போகும். மோட்டாரைத் தொட்டவன் ஒன்றும் தெரியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடப்பாறையைத் தடுக்கச் சுற்றிய இரும்பு, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தையும் தடுக்கிறது. ஒரே பொருளுக்குள் இப்படி இரண்டு காவலை வைக்க நினைத்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று அன்று முழுக்க எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த விளக்கப் புத்தகம், அகராதி, கேபிள் முனையைப் பெட்டியோடு கவ்வவைக்க வாங்கிய ஒவ்வொரு கிளாண்டுக்கும் ரசீது, கூலிச் சீட்டுகள் எல்லாம் மந்தாரக்குப்பம் வாடகை வீட்டில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் தேதிவாரியாக இருந்தன. மனைவி மலர்விழிக்கு அந்தப் பெட்டி கேலிக்கு உகந்த பொருள்.

"இந்தப் பொட்டியில எல்லாம் இருக்கு, நம்ம கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் இல்ல."

"இருக்கு. அடியில இருக்கு."

சுரங்க வேலை நின்ற பிறகு கருணாகரன் தனியாக வயரிங் எடுத்துச் செய்யத் தொடங்கினார். மந்தாரக்குப்பத்தில் சோமசுந்தரம் நடத்திய இட்லி மாவு ஆலை, 2013-இல் அவருக்குக் கிடைத்த பெரிய வேலை. முன்னறையில் மெயின் போர்டு. முற்றத்தைத் தாண்டிப் பின்னால் ஒரு ஷெட். அதில் வரிசையாகக் கிரைண்டர்கள். டவுன்ஷிப் டீக்கடைகளுக்கும் கேன்டீன்களுக்கும் மாவு அங்கிருந்துதான் போனது. ஷெட்டின் தரை காய்ந்து யாரும் பார்த்ததில்லை.

முற்றத்தில் பள்ளம் தோண்டி, கேபிளை இறக்கி, மேலே செங்கல் பரப்பி, வழி தெரிவதற்கு ஒரு அடையாளக் கல்லையும் நட்டார். கேபிளின் இருமுனையிலும் கவசக் கம்பிகளை விரித்து, பித்தளைக் கிளாண்டுக்குள் கவ்வவைத்து, அந்தக் கிளாண்டை இரும்புப் பெட்டியின் துளையில் நட்டுப் போட்டு இறுக்கினார். பித்தளையும் பெட்டியும் தொடும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் இறுக்கினார். கிரைண்டர்களின் எர்த் கம்பிகள் ஷெட்டுப் பெட்டியின் உடம்புக்கு வரும், பெட்டியிலிருந்து கிளாண்டு, கிளாண்டிலிருந்து கவசம், கவசம் மண்ணுக்கடியில் முன்னறைக்குப் போய் மெயின் போர்டின் எர்த் பட்டையில் சேரும்.

சோமசுந்தரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எர்த்துக்குத் தனியா கம்பி ஓட்டலியா கருணா?"

"ஓட்டியாச்சுண்ணே. கேபிளோட சட்டையே எர்த்துதான்."

"சட்டையா! வேட்டி எங்க?" என்று சிரித்துவிட்டு, "இன்னாவோ, ஆளு கெட்டிக்காரன் நீ," என்றார்.

அடுத்த சித்திரையில் ஆலையிலிருந்து ஒருமுறை அழைப்பு வந்தது. மூன்றாவது கிரைண்டர் ஓடவில்லை. கருணாகரன் போய்ப் பார்த்தார். மோட்டாருக்குள் ஒரு ஒயர் தளர்ந்து உடம்பில் பட்டு, ஃபியூஸ் போயிருந்தது. ஒயரைச் சரிசெய்து, ஃபியூஸ் மாற்றிவிட்டு வந்தார். அதைப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை, அவரும்தான்.

அந்த ஆண்டு ஆயுதபூசை முடிந்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அதே மூன்றாவது கிரைண்டரில் மாவை வழிக்கப் போன வீரம்மாளை மின்சாரம் தூக்கியடித்தது. ஆலை தொடங்கிய நாள்முதல் அங்கே வேலை செய்யும் பெண்; உளுந்து ஊறிய பதத்தை விரலால் சொல்லக்கூடியவர். கல்லில் ஒட்டிய கை விடவில்லை. சோமசுந்தரம்தான் சத்தம் கேட்டு முன்னறையில் மெயினைப் பிடுங்கினார். வீரம்மாள் தரையில் விழுந்தார். உயிர் இருந்தது. வலது கை தோளிலிருந்து தொங்கியது. ஃபியூஸ் கடைசிவரை எரியவே இல்லை.

சிலம்பரசன் என்ற வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். அவர் மீட்டரை எடுத்து ஷெட்டுப் பெட்டியிலிருந்து எர்த்துக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தார். மீட்டர் 'கீங்' என்றது. வழி இருக்கிறது. அப்படியானால் ஃபியூஸ் ஏன் எரியவில்லை? இரும்புக் கம்பிக்கு அந்தத் தெம்பு இல்லை என்று அவர் முடிவு சொன்னார். பார்த்தது நேர்மையாகத்தான், கணக்கும் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முடிவு சோமசுந்தரத்தின் வாயிலிருந்து கடைத்தெருவுக்கு வந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது: "எர்த்துக் கம்பியைத் தின்னுட்டான். கேட்டா சட்டையே எர்த்துன்னு கதை வுட்டான்."

மறுவாரத்தில் ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அவர் பெட்டியைத் திறந்து, விளக்கப் புத்தகத்தின் பக்கம், கேபிள் ரசீது, கிளாண்டு ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி ஆலைக்குக் கொண்டுபோனார். சோமசுந்தரம் ஃபைலைத் தொடக்கூட இல்லை.

"காயிதம் கரண்டு கடத்துமா? எடுத்துகினு போ."

திரும்பி வந்தவரை மலர்விழி வாசலிலேயே பார்த்துவிட்டாள். "பாத்தாங்களா?" என்றாள். அவர் தலையசைத்த விதத்தில் பதில் தெரிந்தது. அன்று அவள் பெட்டியைக் கேலி செய்யவில்லை.

கருணாகரனை உள்ளுக்குள் அரித்தது கடைத்தெருப் பேச்சு அல்ல. சிலம்பரசன் சொன்னது உண்மையாக இருந்தால்? அகராதி வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்ததில் ஒரு வார்த்தை பிசகியிருந்தால்? மந்தாரக்குப்பத்தில் எத்தனை கடைகளில், எத்தனை பட்டறைகளில் அவர் அந்த இரும்பை நம்பி முனை கட்டியிருக்கிறார்! அந்த வரியைத் திரும்பப் படித்தார். எழுத்து மாறவில்லை. ஆனால் வீரம்மாளின் கை தொங்கியதும் மாறவில்லை. தன் வேலைதான் அந்த அம்மாளை அடித்தது என்றால் இனி கத்தியைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

அந்தத் தீர்ப்பைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். கை கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த வீரம்மாளைப் பார்க்கப் போனார்.

"வா தம்பி. உக்காரு. ஊரே உன்னத் திட்டுது, நீ இன்னும் வரலியேன்னு பாத்துகினு இருந்தேன்."

"யக்கா, எம்மேல கோவமா?"

"கோவம் இருந்தா வெளக்குமாறு எடுத்திருப்பேன், ஒரு கை போதும் அதுக்கு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணு மட்டும் சொல்லு. நீ போட்ட இரும்புதான் என்ன அடிச்சுதா?"

"தெரியலக்கா," என்றார் கருணாகரன்.

வீரம்மாள் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"அப்ப சித்திரையில ஏன் அடிக்கல?"

"எது?"

"அதே கெரைண்டரு தம்பி. மாவு பாதி அரைச்சுகினு இருக்கேன், கை ரெண்டும் மாவுக்குள்ள. டப்புன்னு ஒரு சத்தம், கல்லு நின்னு போச்சு. பீஸு போச்சுன்னாங்க. மாவு புளிச்சுப்பூடுமேன்னு உன்னத்தான் திட்டிகினு நின்னேன். நீதான வந்து ஒயரு ஒடம்புல பட்டுதுன்னு சொன்னே?"

கருணாகரன் எழுந்து நின்றுவிட்டார். அன்றும் அதே மோட்டார். அன்றும் அதே உடம்பில் மின்சாரம். அன்றும் வீரம்மாளின் கை அதன்மேல்தான். ஓடிவந்த மின்சாரத்தைக் கவசம் அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு அடியில் பாய்ந்து, ஃபியூஸை எரித்து, கண்ணிமைக்கும் முன் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. காப்பாற்றப்பட்டவர் மாவு புளிக்கிறதே என்று திட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். காப்பாற்றிய கேபிளைப் போட்டவரோ ஒயரைச் சொருகிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். யாருக்கும் தெரியாமல் ஒரு உயிர் அந்த இரும்புக்குள் புகுந்து திரும்பி வந்திருக்கிறது.

"யக்கா, சித்திரைக்கும் இப்பத்திக்கும் நடுவுல ஷெட்டுல இன்னா நடந்துச்சு? யாராவது பொட்டியத் தொட்டாங்களா?"

"யாரு தொட்டா? ஆயுதபூசைக்கு பழனிசாமி பெயின்ட் அடிச்சான். மொதலாளி பளபளன்னு கேட்டாரு. அவன் நட்டையெல்லாம் கழட்டி, பொட்டிய செவுத்துலேர்ந்து எடுத்து, உள்ள வெளிய ரெண்டு தடவ அடிச்சு, காயவச்சு மாட்டுனான். நாந்தான் சந்தனம் குங்குமம் வெச்சேன். அழகா இருந்துச்சு."

"அந்தப் பொட்டிய நான் பாக்கணும்க்கா," என்றார் கருணாகரன்.

"நாளைக்கி நானும் வரேன்," என்றார் வீரம்மாள். "என் கண்ணால பாக்காம இனிமே அந்த ஷெட்டுல கால் வெக்க மாட்டேன். மொதலாளிகிட்ட நான் சொல்றேன்."

உளுந்துப் பதம் தெரிந்த கை இல்லாமல் அவதிப்பட்டுக்கொண்டிருந்த சோமசுந்தரம், வீரம்மாள் சொன்னதால் மட்டுமே கருணாகரனை உள்ளே விட்டார்.

காலை வெளிச்சத்தில் கருணாகரன் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாவு கொண்டுபோகும் வேனின் பேட்டரியையும் கழற்றிப்போட்ட பழைய ஹெட்லைட்டையும் கேட்டு வாங்கினார். பேட்டரியை முன்னறையில் வைத்தார். அதன் ஒரு முனையைக் கேபிளுக்குள் போகும் ஒரு கம்பியில் கட்டினார்; மறுமுனையை எர்த் பட்டையில். பிறகு ஷெட்டுக்கு வந்து, அதே கம்பியின் இந்த முனையில் ஹெட்லைட்டின் ஒரு ஒயரைக் கட்டினார்.

"மீட்டர் கேக்கறது கொசுறு கரண்டுண்ணே. முடி அளவு வழி இருந்தாலும் கீங்குன்னும். ஹெட்லைட்டு அப்படி இல்ல. நெறையக் கேக்கும். இப்ப பேட்டரிலேர்ந்து இங்க வர்றது உள்கம்பி வழியா. திரும்பிப் போறது இரும்பு வழியாத்தான் போவணும். இரும்புக்குத் தெம்பு இல்லன்னா லைட்டு எரியாது."

"எரியலன்னா?" என்றார் சோமசுந்தரம்.

"எரியலன்னா இந்த ஊருல நான் வயர் தொட மாட்டேன்."

வீரம்மாள் நல்ல கையை நீட்டினார். "லைட்ட என்கிட்ட குடு. நான் புடிக்கிறேன்."

"பயமில்லியாக்கா?"

"வேன் பேட்டரி தான? அடிபட்ட கையி அது, புடிக்கற கையி இது."

கருணாகரன் மீதியிருந்த ஒயரை எடுத்து, சந்தனப் பொட்டு காய்ந்திருந்த பெட்டியில், எர்த் கம்பிகள் வந்து சேரும் போல்ட்டின்மேல் வைத்தார். வீரம்மாளின் கையிலிருந்த விளக்குக்குள் ஒரு சிவப்பு இழை மட்டும், அணையப்போகும் ஊதுவத்தியைப் போல, தெரிந்தும் தெரியாமலும் நின்றது. அவ்வளவுதான்.

சோமசுந்தரம் தொண்டையைச் செருமினார். இதுதான் முடிவு என்றால் இதுதான் முடிவு. ஆனாலும் கருணாகரனின் கைகள் தாமாகவே வேலையைத் தொடர்ந்தன. ஒயரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கிளாண்டின் பின்புறத்தைத் தளர்த்தினார். உள்ளே கவ்வப்பட்டிருந்த கவசக் கம்பிகள் வெளியே தெரிந்தன. மண்ணுக்குள் கிடந்தும் வெளுப்பு மாறாத கம்பிகள். அவற்றின்மேல் ஒயரை வைத்தார்.

விளக்கு எரிந்தது என்றால் போதாது, வெளிச்சமாக வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஷெட்டின் ஈரச்சுவர் முழுக்க வெள்ளையாயிற்று. வீரம்மாள் "ஆத்தாடி!" என்று கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் விளக்கை விடவில்லை. கிரைண்டர் கல்லில், மாவுத் தேக்சாக்களில், தரைத் தண்ணீரில் எங்கும் வெளிச்சம் தளும்பியது. முற்றத்துக்கு அடியில், செங்கல்லுக்குக் கீழ், ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து கிடந்த இரும்பின் வழியே அந்த ஓட்டம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர் படித்த வரி சரி. வார்த்தை பிசகவில்லை.

ஒயரை மறுபடி பெட்டியில் வைத்தார். சிவப்பு இழை. கவசத்தில் வைத்தார். வெளிச்சம். பெட்டி. இழை. கவசம். வெளிச்சம். சோமசுந்தரம் கிட்டே வந்து, தன் கையாலேயே ஒயரை வாங்கி வைத்து வைத்துப் பார்த்தார். ஒரு குழந்தையைப் போல.

"இரும்புல இல்ல கோளாறு. இந்த நூலளவு எடத்துல," என்று கருணாகரன் கிளாண்டின் நட்டைக் கழற்றினார். துளையைச் சுற்றிப் பளபளப்பான சாம்பல் பெயின்ட் தோசைபோலக் கனமாகப் படிந்திருந்தது. துளையின் விளிம்புவரைக்கும் வழிந்திருந்தது. அவர் தேய்த்துவைத்த வெற்று இரும்பு அதற்கடியில் மூடிக்கிடந்தது. நட்டு இறுகியிருந்தது பெயின்டின்மேல்தான். எங்கோ ஒரு கீறல் வழியாக மீட்டருக்கு மட்டும் போதுமான வழி மிஞ்சியிருந்தது.

"பூசைக்குன்னு அடிச்ச பெயின்டா?" என்றார் சோமசுந்தரம். குரல் இறங்கியிருந்தது.

"பழனிசாமியச் சொல்லிக் குத்தமில்லண்ணே. அவன் வேலைய அவன் நல்லாத்தான் செஞ்சிருக்கான்." சற்று நின்று கருணாகரன் சொன்னார்: "ஆயுதபூசை வருஷா வருஷம் வரும்னு எனக்கும் தெரியும். கிளாண்டுல ஒரு வளையம் மாட்டி, அதுலேர்ந்து செம்புக் கம்பிய எர்த்து போல்ட்டுக்கே நேரா கட்டியிருக்கணும். எவன் பொட்டிய எப்படி அடிச்சாலும் அது நின்னிருக்கும். இனிமே கட்டுவேன்."

பிற்பகலுக்குள் பெயின்டைச் சுரண்டி, வளையம் மாட்டி, செம்புக் கம்பி கட்டி, கசிவு வந்தால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச் ஒன்றையும் மெயினில் பொருத்தினார். அதன் ரசீதைச் சட்டைப் பையில் மடித்துவைத்துக்கொண்டார். சோமசுந்தரம் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைத்தெருவில் சொன்னதைக் கடைத்தெருவில் போய்த் திரும்பப் பெறவும் இல்லை. "டீ சாப்ட்டுட்டுப் போ கருணா," என்றார், அவ்வளவுதான். எர்த்துக் கம்பியைத் தின்றான் என்ற சொல்லை இன்றுவரை நம்புகிறவர்கள் மந்தாரக்குப்பத்தில் இருக்கிறார்கள். வீரம்மாள்தான் டீக்கடைக்குப் போய், கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, நடந்ததை நடந்தபடி எல்லோர் முன்னாலும் சொன்னார். கைவிட்டுப் போன இரண்டு வேலைகளில் ஒன்று திரும்பி வந்தது.

அடுத்த ஆண்டு ஆயுதபூசைக்கு முந்தைய வாரம் கருணாகரன் தாம் கேபிள் போட்ட கடைகளையும் பட்டறைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றினார். கிளாண்டுகளில் வளையம் மாட்டிச் செம்புக் கம்பி கட்டினார். பெயின்ட் டப்பாவோடு பழனிசாமி எதிரே வந்தால் வழி மறித்தார்.

"போல்ட்ட வுட்டு அடி பழனி."

"போன வருஷத்துலேர்ந்து எனக்குக் கனவுல கூட போல்ட்டுதாண்ணே வருது. வுட்டுதான் அடிக்கிறேன்."

பூசையன்று அவர் மாவு ஆலைக்குப் போனபோது கிரைண்டர்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். கை சரியாகிவிட்ட வீரம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாக வந்தார். பெட்டிக்குப் பொட்டு வைத்தார். போல்ட்டை மட்டும் தொடாமல் விட்டார். பிறகு கிண்ணத்தோடு முற்றத்துக்கு இறங்கினார். நடுவில் கருணாகரன் நட்டுவைத்த அடையாளக் கல் பாசி பிடித்து நின்றது. குனிந்து, அதன் தலையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, சந்தனம் தீட்டி, குங்குமம் வைத்தார்.

"கல்லுக்கு எதுக்கு வீரம்மா பொட்டு?" என்று சோமசுந்தரம் முன்னறையிலிருந்து கேட்டார்.

"கல்லுக்கு இல்லீங்க. கீழ இருக்கறதுக்கு."

கருணாகரன் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இறங்கினார். அந்தக் கல்லிலிருந்து ஷெட்டுவரை மண் சீராக, ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. அதன்மேல் கால் வைக்க மனம் வராமல், ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.